செயின் நீண்டால் சம்ப்பைக் கழற்றுங்கள்: பழைய டீசல் இன்ஜினில் டைமிங் செயின் மாற்றும் வேலை

திருப்பூர் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. மெக்கானிக் அண்ணன் சுவரில் அடித்திருந்த ஆணியில் இரண்டு டைமிங் செயின்களை அடுத்தடுத்து மாட்டினார். ஒன்று அப்போதுதான் கவர் பிரித்த புதுசு. இன்னொன்று, இரண்டரை லட்சம் கிலோமீட்டரை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய டீசல் டாக்ஸியிலிருந்து அன்று காலை கழற்றியது. எட்ட நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கிட்டே போய் அடிப்பக்கத்தைப் பார்த்தபோது பழையது கொஞ்சம் கீழே தொங்கியது. ஒரு அரிசியின் அகலம் இருக்கும், அவ்வளவுதான். வளையமாகத் தொங்குவதால், மொத்த நீளத்தில் வித்தியாசம் அதைப்போல இரண்டு மடங்கு.

டாக்ஸி ஓட்டும் தம்பி பக்கத்திலேயே நின்றிருந்தார். "அண்ணே, செயின் மட்டும் மாத்திக் குடுத்துருங்க. சத்தம் போயிடும்ல?"

"சத்தம் போயிடும் தம்பி. திரும்ப வராம இருக்கணும்னா சம்ப்பைக் கழட்டிப் பாக்கணும்."

சம்ப் என்பது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும் பாத்திரம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அந்த மெக்கானிக் சொன்னதைத்தான். டைமிங் செயின் தானாகக் கெடுவது அபூர்வம். ஆயில்தான் அதைக் கெடுக்கிறது. ஆயில் போகும் வழியைப் பார்க்காமல் செயினை மட்டும் மாற்றினால், புதுச் செயினுக்கும் அதே கதிதான் காத்திருக்கிறது.

எந்த இன்ஜினைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல். 2003ல் ஐரோப்பாவில் வந்தது. போலந்தின் பியல்ஸ்கோ-பியாவா ஆலையில் முதலில் தயாரானது. நான்கு சிலிண்டர், 16 வால்வு, 1,248 சி.சி. 2007ல் மாருதி ஸ்விஃப்ட்டில் டி.டி.ஐ.எஸ். என்ற பெயரில் நம் ஊருக்கு வந்தது. பின்னால் டிசையர், ரிட்ஸ், எர்டிகா என்று மாருதியின் வரிசை முழுக்கப் பரவியது. டாடா இண்டிகா விஸ்டாவிலும் மான்சாவிலும் குவாட்ராஜெட் என்று பெயர். ஃபியட்டின் லீனியாவிலும் புன்டோவிலும் சொந்தப் பெயரிலேயே ஓடியது. இதிலிருந்து ஒரு சிலிண்டரைக் குறைத்துச் செய்ததுதான் செவ்ரோலே பீட் டீசலின் மூன்று சிலிண்டர் இன்ஜின். இத்தனை கம்பெனிகள் ஒரே இன்ஜினைப் போட்டதால் வாகனப் பத்திரிகைகள் இதை 'இந்தியாவின் தேசிய டீசல் இன்ஜின்' என்றே எழுதின. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை மாசு விதிகள் வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஆக, சாலையில் இன்று ஓடும் இந்த இன்ஜின்களில் கிட்டத்தட்ட எல்லாமே வயதானவை. டாக்ஸியாக ஓடியவை பலதும் இரண்டு லட்சம், மூன்று லட்சம் கிலோமீட்டரைக் கடந்துவிட்டன. செயின் பற்றிய கேள்வி இப்போது அடிக்கடி எழ அதுதான் காரணம்.

செயின் செய்யும் வேலை

பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க்‌ஷாஃப்ட். வால்வுகளைத் திறப்பது கேம்ஷாஃப்ட். இரண்டும் தாளம் தவறாமல் சுற்ற வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்தக் கணக்கைக் காப்பாற்றுவதுதான் டைமிங் செயினின் வேலை.

அம்பாசடர் காலத்து இன்ஜினில் கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே, கிராங்குக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து புஷ்ராடுகள் மேலே போய், வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களைத் தட்டின. நடுவில் இருந்த செயின் குட்டையானது. பெரிதாகப் பிரச்சினை பண்ணாது. சத்தம் வந்தாலும் வண்டி ஓடும். பிறகு கேம்ஷாஃப்ட்டை சிலிண்டர் ஹெட்டின் மேல் ஏற்றினார்கள். மல்டிஜெட்டில் மேலே இரண்டு கேம்ஷாஃப்ட்கள் உண்டு. செயின் ஒன்றைச் சுற்ற, அதிலிருந்து பல்சக்கரம் வழியாக மற்றது சுற்றுகிறது. அதனால் செயின் இன்ஜினின் அடியிலிருந்து உச்சி வரை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. நீளம் கூடினால் அது ஆட ஆரம்பிக்கும். ஆடாமல் இருக்க ஒரு பக்கம் நிலையான கைடு, மறுபக்கம் அசையும் கைடு, அந்த அசையும் கைடைத் தள்ளிப் பிடிக்க ஒரு ஹைட்ராலிக் டென்ஷனர். இந்த டென்ஷனருக்குத் தனிச் சக்தி எதுவும் கிடையாது. இன்ஜின் ஆயிலின் அழுத்தம்தான் அதன் பலம்.

மாருதி 800, சான்ட்ரோ, பழைய இண்டிகா டீசல் போன்ற வண்டிகளில் செயினுக்குப் பதில் ரப்பர் பெல்ட் இருந்தது. பெல்ட் அறுந்து நடுரோட்டில் நின்றவர்கள் ஏராளம். அதனால் 'செயின் இன்ஜின்' என்று கேட்டதும் மக்களுக்கு நிம்மதி வந்தது. மாற்றவே வேண்டாம், ஆயுள் முழுக்க வரும் என்று விற்பனைக்காரர்களும் சொன்னார்கள். அந்தப் பேச்சில் ஒரு நிபந்தனை விட்டுப்போனது என்பது என் கருத்து. பெல்ட்டுக்கு கிலோமீட்டர் கணக்கு உண்டு. கையேட்டில் எழுதியிருக்கும், வந்ததும் மாற்றிவிடுவார்கள். செயினுக்கு அப்படி ஒரு கணக்கு சொல்லாததால், அதைக் கவனிக்கவே தேவையில்லை என்று நினைத்துவிட்டோம். செயினின் ஆயுள் கணக்கு ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் எழுதப்படுகிறது.

இரும்பு எப்படி நீளும்?

'செயின் நீண்டுவிட்டது' என்று சொல்கிறோம். உண்மையில் அதன் தகடுகள் நீளுவதில்லை; எந்த இரும்பும் ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. தேய்வது மூட்டுகள்.

செயினின் ஒவ்வொரு மூட்டிலும் ஆணி மாதிரி ஒரு பின் இருக்கிறது. பின்னைச் சுற்றி ஒரு சின்னக் குழாய், அதாவது புஷ். மான்செஸ்டரில் இருந்த ஹான்ஸ் ரெனால்ட் என்ற பொறியாளர் 1880ல் புஷ் வைத்த ரோலர் செயினுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முந்தைய செயின்களில் மெல்லிய தகடுகளின் ஓட்டைகளே பின்னின் மேல் உரசின, சீக்கிரம் அறுத்துவிடும். புஷ் வந்ததும் அந்தப் பாரம் பின்னின் முழு அகலத்துக்கும் பரவியது. சைக்கிள் செயின் முதல் டைமிங் செயின் வரை இன்றைக்கும் அடிப்படை அதுதான். அம்பத்தூரில் டி.ஐ. டைமண்டும், கோயம்புத்தூரில் எல்.ஜி.பி.யும் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் செயின்களும் இந்தக் குடும்பம்தான்.

செயின் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது அதைச் சுற்றவைக்கும் பல்சக்கரத்தில், ஏறும்போது ஒவ்வொரு மூட்டும் மடங்குகிறது, இறங்கும்போது நிமிர்கிறது. ஒவ்வொரு மடக்கிலும் பின் புஷ்ஷுக்குள் கொஞ்சம் திரும்புகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கு சுலபமாக இருக்க ஒரு மாதிரி செயினை எடுத்துக்கொள்கிறேன்: 120 கண்ணி, கண்ணிக்குக் கண்ணி 8 மி.மீ.; கிராங்கில் 20 பல், கேமில் 40 பல். கிராங்க் ஆறு சுற்று சுற்றினால் செயின் ஒருமுறை முழுதாக வலம் வரும். ஒரு வலத்தில் ஒவ்வொரு மூட்டும் நான்கு தடவை அசையும். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் இன்ஜின் ஓடினால் ஒரு மூட்டு மணிக்கு 80,000 தடவை அசைகிறது. சராசரி 40 கி.மீ. வேகத்தில் ஒரு லட்சம் கிலோமீட்டர் என்றால் 2,500 மணி நேரம். ஒரு மூட்டுக்கு 20 கோடி அசைவு!

இத்தனைக்கும் பின்னும் புஷ்ஷும் நேரடியாக உரசாமல் காப்பது நடுவில் இருக்கும் ஆயில் படலம் மட்டும். அந்தப் படலம் மெலிந்தாலோ, அதில் உறுத்தும் துகள் கலந்தாலோ மூட்டு தேய ஆரம்பிக்கும்.

ஒவ்வொரு மூட்டிலும் 0.04 மி.மீ. தேய்ந்தது என்று வையுங்கள். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. 120 மூட்டு சேர்ந்தால் 4.8 மி.மீ. ஆணியில் தொங்கிய அரிசி அகலம் இப்படித்தான் வந்தது. கிராங்க் இழுக்கும் இறுக்கமான பக்கத்தில் மட்டும் சுமார் 45 கண்ணி இருக்கும். அந்தப் பக்கம் 1.8 மி.மீ. நீள்கிறது. 40 பல் கொண்ட கேம் சக்கரத்தின் சுற்றளவு 320 மி.மீ. அப்படியானால் கேம் இரண்டு டிகிரி பின்தங்குகிறது, கிராங்க் கணக்கில் நான்கு டிகிரி. வால்வுகள் எல்லாம் தாமதமாகத் திறந்து தாமதமாக மூடும். டென்ஷனர் தளர்ந்த பக்கத்தில்தான் இருக்கிறது. அது ஆட்டத்தை அடக்கும். இந்தப் பின்தங்கலை அதனால் சரிசெய்ய முடியாது. இது பலருக்குத் தெரிவதில்லை. 'டென்ஷனர் மாத்தினா போதும், செயின் டைட் ஆயிடும்' என்று சொல்பவர்கள் சத்தத்தைத்தான் தீர்க்கிறார்கள்.

டீசல் ஆயில் ஏன் செயினை அறுக்கிறது

டீசல் இன்ஜின் ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். எரியும்போது வரும் கரித்துகள், அதாவது சூட், ஆயிலில் கலக்கிறது. ஆயிலில் இருக்கும் சேர்மானங்கள் அந்தத் துகள்களைத் தனித்தனியாக மிதக்கவிட்டு வைத்திருக்கும். அதனால் கறுப்பு நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆயில் தன் வேலையைச் செய்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் அந்தச் சேர்மானங்களுக்கும் ஒரு அளவு உண்டு. அளவு தாண்டினால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகும். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய ஆயில் படலத்தைவிட அவை பெரிதாகும்போது, தேய்க்கிற மாவு போல வேலை செய்யும். வால்வு சீட்டில் கிரைண்டிங் பேஸ்ட் போட்டு உரசுவார்களே, கிட்டத்தட்ட அதே வேலை, செயினின் ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் ஓசையில்லாமல் நடக்கும்.

மிச்சம் இருப்பது சகதி. சூடேறிச் சூடேறிக் கெட்டியான ஆயில், கரி, ஈரம் எல்லாம் சேர்ந்து சம்ப்பின் அடியில் தார் மாதிரிப் படியும். ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது. சகதி அதை அடைத்தால் பம்புக்கே ஆயில் போதாது. அழுத்தம் குறைந்ததும் டென்ஷனர் பலமிழக்கும், செயின் ஆடும், கைடின் பிளாஸ்டிக்கை அடித்து உடைக்கும். உடைந்த துண்டு எங்கே விழும்? சம்ப்பில்தான். அங்கிருந்து நேராகச் சல்லடைக்கு. ஒரு தப்பு இன்னொரு தப்பைப் பெற்றெடுக்கும் வட்டம் இது.

1.3 மல்டிஜெட்டில் இந்த ஆபத்து கூடுதலாக இருக்கக் காரணங்கள் உண்டு. ஆயிலின் மொத்த அளவே சுமார் மூன்று லிட்டர். அதில் அரை லிட்டர் குறைந்தாலே ஆறில் ஒரு பங்கு போயிற்று. இந்த மூன்று லிட்டர்தான் டர்போவின் வெப்பத்தையும் தாங்க வேண்டும். செயின் ஒற்றை வரிசைச் செயின். கேம்ஷாஃப்ட் வால்வுகளை மட்டும் தள்ளவில்லை. டீசலை அழுத்தும் ஹை பிரஷர் பம்பும் அதன் சக்தியில்தான் சுற்றுகிறது. இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. இவ்வளவு சின்ன, இலேசான இன்ஜினில் 75 குதிரைத்திறனையும் அந்த மைலேஜையும் கொண்டுவந்த பொறியாளர்களின் கணக்கு நேரத்துக்கு ஆயில் மாறும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. ஆயில் ஒழுங்காக மாற்றிய வண்டிகளில் இதே செயின் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் ஓடுகிறது. அந்த டாக்ஸி தம்பி வண்டியை வாங்கியபோது அவருக்கு முன் இருந்தவர் ஆயிலை இருபதாயிரத்துக்கு ஒருமுறைதான் மாற்றியிருந்தார் என்பது பில்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கையேடு சொல்லும் அளவைப்போல இரண்டு மடங்கு.

நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு இன்னும் கஷ்டம். மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது, இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஏசி போட்டபடி ஸ்டாண்டில் காத்திருக்கும் டாக்ஸியின் ஆயிலை கிலோமீட்டர் பார்த்து மாற்றினால் எப்போதும் தாமதம்தான்.

சத்தத்தைப் படிப்பது

முதல் அறிகுறி காலையில் வரும். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் இருக்கும் பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு விநாடி 'கரகர' என்று சத்தம், அப்புறம் அமைதி. டென்ஷனரிலிருந்து இரவில் ஆயில் வடிந்துவிட, மறுபடி அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்து ஆடுவதால் வரும் சத்தம் இது. எப்போதாவது வந்தால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். தினமும் வந்தால், அதுவும் நேரம் நீண்டுகொண்டே போனால், பட்டறைக்குப் போக வேண்டிய நேரம். சூடான இன்ஜினிலும் ஐடிலில் சத்தம் கேட்டால் வண்டியை ஓட்டிப் போகாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள்.

டீசல் இன்ஜினில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை என்பதுதான் சிக்கல். இன்ஜெக்டர் தட்டும், ஆல்டர்னேட்டர் புல்லி தேய்ந்தால் கடகடக்கும், வேக்யூம் பம்ப் உறுமும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை, செயினை மூடியிருக்கும் டைமிங் கவரில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டால் சத்தம் கவருக்குள்ளிருந்து வருகிறதா என்று ஓரளவு பிரியும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு சில விநாடி மட்டும் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது இன்னும் தெளிவு. அப்போதும் சத்தம் இருந்தால் ஆல்டர்னேட்டர் மேல் பழி போட முடியாது.

ஸ்கேனர் போட்டால் பி0016 என்ற கோடு வரலாம். கிராங்க் சென்ஸாரும் கேம் சென்ஸாரும் சொல்லும் நேரம் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று அர்த்தம். சென்ஸார் கெட்டாலும், வயர் கெட்டாலும் இதே கோடு வரும். இதை மட்டும் வைத்து இன்ஜினைப் பிரித்துவிடக் கூடாது. காலைச் சத்தம், ஸ்டார்ட் ஆக நேரமெடுப்பது, இந்தக் கோடு மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகம் வேண்டாம்.

இதையெல்லாம் தாண்டி ஓட்டினால் ஒருநாள் செயின் ஒரு பல்லோ இரண்டு பல்லோ தாண்டும். டீசலில் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவு. நேரம் தவறித் திறந்திருக்கும் வால்வின் தலையில் பிஸ்டன் மோதும். இந்த இன்ஜினில் அப்போது முதலில் உடைவது ராக்கர்கள்தான். வால்வு நேராக நிற்பதால் அடி அப்படியே மேலேறி ராக்கரை ஒடிக்கிறது. பல வண்டிகளில் ராக்கர்கள் போய், வால்வு வளையாமல் தப்பித்திருக்கிறது. எல்லா வண்டியிலும் அப்படித் தப்பிக்கும் என்று நம்பிவிட முடியாது. செயின் பலவீனமான வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதை நான் கட்டாயம் வேண்டாம் என்பேன். கியர் விழும்போது வரும் அந்த ஒரு வெட்டு போதும், பல் தாண்ட.

கவரைத் திறந்தால்

செயின் மாற்றுவதில் செயினைத் தூக்கிப் போடுவது சில நிமிட வேலை. அங்கே போய்ச் சேருவதுதான் ஒரு முழு நாள். வலது முன் சக்கரம் கழற்ற வேண்டும், உள்பக்க மட்கார்ட் கழற்ற வேண்டும், பெல்ட் எடுக்க வேண்டும். அந்தப் பக்கத்து இன்ஜின் மவுன்ட்டைக் கழற்றும் முன் இன்ஜினை அடியில் ஜாக்கி வைத்துத் தாங்க வேண்டும். கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஒரு விஷயம்: இந்த இன்ஜினில் அது இடது மரை. தெரியாதவர் வழக்கம்போல் இடப்பக்கம் திருகினால் இறுகிக்கொண்டே போகும். பைப் மாட்டி இன்னும் பலமாகத் திருகினால் போல்ட்டே முறியும்.

சம்ப்பின் போல்ட்கள் சில டைமிங் கவரோடு சேர்ந்திருக்கும், ஆயில் பம்ப் அந்தக் கவரிலேயே இருக்கிறது. ஆகவே சம்ப்பைக் கழற்றாமல் ஒழுங்காக இந்த வேலையைச் செய்ய முடியாது. சம்ப்பை லேசாகத் தளர்த்தி, கவரை வெளியே உருவி, ஆயில் கசியாமல் இருக்கத் தடவிய பழைய பசை மேலேயே புதுப் பசை தடவி மூடுபவர்களும் உண்டு. அரை நாள் மிச்சம்தான். ஆனால் சல்லடையைப் பார்க்கக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் போய்விடும்.

அன்று அந்த டாக்ஸியின் சம்ப்பைக் கழற்றியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அடியில் விரல் வைத்தால் பதியும் அளவுக்கு கறுப்புச் சகதி. சல்லடையின் வாயில் பாதிக்கு மேல் மூடியிருந்தது. மெக்கானிக் அண்ணன் ஒரு பல்குச்சியால் சுரண்டி எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பினார். கரி, அதன் நடுவே பழுப்பு நிறத்தில் கைடின் பிளாஸ்டிக் துணுக்குகள், கூடவே ரப்பர் மாதிரி இழுபடும் சாம்பல் நிற நூல்கள். அந்த நூல்கள் என்ன தெரியுமா? யாரோ முன்பு எப்போதோ சம்ப்பை மாட்டியபோது அள்ளித் தடவிய சிலிக்கான் பசை. உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து, அறுந்து, சல்லடையில் போய் உட்கார்ந்திருக்கிறது. பசையை மெல்லிய ஒரே கோடாக இழுத்து, அது காய நேரம் கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இதற்காகத்தான். டாக்ஸி தம்பி அந்தத் துணியை போட்டோ எடுத்துக்கொண்டார்.

டைமிங் செட் செய்வதற்கு பூட்டும் பின்கள் உண்டு. கேம்ஷாஃப்ட்களுக்கும் கிராங்குக்கும் தனித்தனி. அவற்றைப் போட்டால் மூன்றும் அசையாது; அந்த நிலையில்தான் பழைய செயினை எடுத்துப் புதுசைப் போட வேண்டும். பெயின்ட் புள்ளி வைத்து அடையாளம் பார்த்து மாட்டும் வழக்கம் பழைய இன்ஜின்களிலிருந்து வந்தது. இங்கே அது ஆபத்து. நீண்டுபோன செயினின்மேல் வைத்த அடையாளம் ஏற்கனவே நான்கு டிகிரி தப்பில் இருக்கிறது. அந்தத் தப்பையே புதுச் செயினுக்கும் கற்றுக்கொடுப்பதாகிவிடும்.

கடையில் மொத்தமாக விற்கும் டைமிங் கிட்டில் செயினோடு டென்ஷனர், இரண்டு கைடு, ஸ்ப்ராக்கெட்கள், சீல் எல்லாம் வரும். பணத்தை மிச்சம் பிடிக்க ஸ்ப்ராக்கெட்டை விட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் நிறைய. பழைய செயின் நீளநீள, அது பல்லின் மேல்பக்கமாக ஏறி உட்கார்ந்து பல்லைத் தன் வாகுக்குத் தேய்த்திருக்கும். பழைய பைக் ஸ்ப்ராக்கெட்டில் பல் கொக்கி மாதிரி வளைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பல்லில் புதுச் செயினைப் போட்டால் பாரம் ஒன்றிரண்டு கண்ணியில் மட்டும் விழும். கைடு, டென்ஷனர், ஸ்ப்ராக்கெட் எதையும் விட வேண்டாம். இன்னொரு தடவை பிரிக்கும் கூலியோடு ஒப்பிட்டால் அவற்றின் விலை பெரிதில்லை.

ஸ்ப்ராக்கெட்டைப் பார்த்து முடிவு செய்ய முடியாதவர்கள் செயினையே சோதிக்கலாம். பின்கள் செங்குத்தாக நிற்கும்படி செயினைப் பக்கவாட்டில் ஒரு முனையில் பிடித்து நீட்டுங்கள். புதுசு கிட்டத்தட்ட விறைப்பாக நிற்கும். தேய்ந்தது பழுத்த வாழையிலை மாதிரி வளைந்து தொங்கும். ஒவ்வொரு மூட்டிலும் இருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம் கண்ணுக்குத் தெரியும் இடம் அது.

எல்லாம் மாட்டிய பிறகு டென்ஷனரின் பூட்டை விடுவித்தோமா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும். அப்புறம் பூட்டும் பின்களை எல்லாம் எடுத்துவிட்டு, கிராங்கைக் கையால், ஸ்பானர் போட்டு, ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கேம் ஒரு சுற்று முடித்து பழைய இடத்துக்கு வரும். இப்போது பூட்டும் பின்கள் தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. சுற்றும்போது நடுவில் எங்கேயாவது கெட்டியாகத் தடுத்தால் பலம் கொடுக்கக் கூடாது. வால்வும் பிஸ்டனும் தொட்டுக்கொண்டிருக்கலாம். கைக்குத் தெரியும் அந்தத் தடை ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தெரியாது, அது உடைத்துக்கொண்டே போகும். சாவியைத் தொடும் முன் செய்யும் இந்த இரண்டு சுற்றுதான் முழு வேலையிலும் முக்கியமான ஐந்து நிமிடம் என்பேன்.

மாற்றுவது தகுமா?

பதினைந்து வருட வண்டிக்கு இவ்வளவு செலவு செய்யலாமா என்ற கேள்வி நியாயமானது. என் பதில் சம்ப்பைக் கழற்றிய பிறகுதான். சல்லடையில் கரியும் பிளாஸ்டிக்கும் மட்டும் இருந்தால் மாற்றலாம். பொன்னிறத்திலோ செம்பு நிறத்திலோ பளபளக்கும் துகள் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் அழுத்தத்தை கேஜ் வைத்து அளந்து, கம்ப்ரெஷன் பார்த்து, டர்போ ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பேரிங் போன இன்ஜினில் ஆயில் அழுத்தம் நிற்காது, அழுத்தம் நிற்காத இன்ஜினில் புது டென்ஷனரும் நிற்காது. அப்படிப்பட்ட இன்ஜினுக்குச் செயின் மட்டும் மாற்றச் சொல்லிக் கேட்டால், முடியாது என்று சொல்கிற மெக்கானிக்கை நம்புங்கள்.

பழைய செயின், பழைய கைடுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள். கைடின் ஓரம் உடைந்து துண்டு காணாமல் போயிருந்தால் அந்தத் துண்டு எங்கே என்று கேளுங்கள். கிடைக்கும்வரை இன்ஜினை மூட விடாதீர்கள்.

அந்த டாக்ஸியில் சகதி மட்டும்தான் இருந்தது, துகள் இல்லை. சம்ப்பை டீசலில் கழுவி, சல்லடையைச் சுத்தம் செய்து, கிட்டை மாட்டி, புது ஆயில், ஃபில்டர் போட்டார்கள். பசை காய இரவு முழுக்க விட்டார்கள். மறுநாள் காலை முதலில் இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, எரியவிடாமல், சில விநாடி சுற்றவிட்டார்கள். ஆயில் விளக்கு அணைந்தது. டென்ஷனரில் ஆயில் நிறைந்த பிறகுதான் கனெக்டர்களை மாட்டி ஸ்டார்ட் செய்தார்கள். ஒரு விநாடி 'கர்' என்றது, அப்புறம் டீசல் தட்டும் சத்தம் மட்டும்.

மெக்கானிக் அண்ணன் ஒரு டேப் துண்டில் மீட்டர் அளவை எழுதி டைமிங் கவரின் மேல் ஒட்டினார். கீழே இன்னொரு எண், 1,000 கி.மீ. கூட்டி எழுதியது. முதல் ஆயிலை அந்த எண்ணில் வடித்துவிட்டு வரச் சொன்னார், உள்ளே இன்னும் ஒட்டியிருக்கும் சகதியைப் புது ஆயில் கழுவிக்கொண்டு வரும் என்பதால். "அதுக்கப்புறம் ஐயாயிரத்துக்கு ஒருக்கா, ரெண்டு தடவ. பிறகு கையேட்டுக் கணக்குப்படி. மறந்துராத தம்பி" என்றார். தம்பி போனில் குறித்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.